டிப்போ ஊசிக்கு க்ளெய்ம் தயாரிப்பது எப்படி: மெடிக்கல் கோடிங்கில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலோ கோவையிலோ திருச்சியிலோ மருத்துவக் குறிப்புகளைக் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் பயிற்சியை முடித்து, அமெரிக்க மருத்துவமனைகளுக்கான பில்லிங் வேலையில் சேர்ந்த புதியவர்களிடம் மனநலப் பிரிவின் கோப்புகளைக் கொடுத்தால், அறுவை சிகிச்சை இல்லை, எலும்பு முறிவு இல்லை, நாலைந்து குறியீடுகளோடு முடிந்துவிடும் என்று மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்கள். மருத்துவர் நோயாளியிடம் பேசிய வேலைக்கு அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் மனச்சிதைவு நோய்க்காகப் போடப்படும் நீண்ட நாள் வேலை செய்யும் ஊசிகள், அதாவது டிப்போ ஊசிகள், கோப்பில் வந்துவிட்டால் கணக்கு மாறிவிடும். புதிய தலைமுறை ஊசிகளில் பலவற்றின் விலை ஒன்றுக்கே ஆயிரம் டாலரைத் தாண்டும் என்பதால், காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கேட்டு அனுப்பும் க்ளெய்மில் ஒரு எண் பிசகினால் மருத்துவர் கைக்காசைப் போட்டு வாங்கிய மருந்துக்குப் பணம் வராமல் போகும், அல்லது வரக் கூடாத பணம் வந்து பிற்பாடு தணிக்கையில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். நோயாளியின் பதிவேட்டில் உள்ள மில்லிகிராம், க்ளெய்மில் உள்ள யூனிட் (பில் செய்யும் அலகு), மருந்துப் பெட்டியின் என்.டி.சி. (மருந்தை அடையாளம் காட்டும் தேசிய மருந்து எண்) எண்ணோடு சேர்த்து எழுதும் அளவு ஆகிய மூன்றும் பார்வைக்கு வெவ்வேறு எண்களாக இருந்தாலும் ஒரே ஊசியைத்தான் சொல்ல வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த மூன்றையும் ஒத்துப்போகச் செய்வதற்கானவை.

முதல் படி: மருந்தை யார் வாங்கினார்கள்?

குறியீட்டைத் தேடுவதற்கு முன்பாகவே இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். மருத்துவமனையே மருந்தை விலைக்கு வாங்கி வைத்திருந்து, ஊசி போட்ட பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கேட்பது ஒரு முறை. இதைத் தொழிலில் 'பை அண்ட் பில்' என்பார்கள். நோயாளியின் பெயரில் விலை உயர்ந்த மருந்துகளை விற்கும் ஸ்பெஷாலிட்டி பார்மசி மருந்தை மருத்துவமனைக்கு அனுப்பிவைத்து, மருந்துக்கான பணத்தைத் தானே காப்பீட்டில் வசூலித்துக்கொள்வது இன்னொரு முறை. இதற்கு 'ஒயிட் பேகிங்' என்று பெயர். முதல் முறையில் மருந்துக்கும் ஊசி போட்டதற்கும் சேர்த்து க்ளெய்ம் போகும். இரண்டாவது முறையில் ஊசி போட்ட கூலிக்கு மட்டுமே மருத்துவமனை பணம் கேட்கலாம். பார்மசி ஏற்கெனவே பணம் வாங்கிவிட்ட மருந்துக்கு மருத்துவமனையும் பில் அனுப்பினால், ஒரே பொருளுக்கு இரண்டு தடவை பணம் கேட்டதாக ஆகும். சில காப்பீட்டாளர்கள் பார்மசி அனுப்பிய மருந்தின் குறியீட்டையும் தகவலுக்காகப் பூஜ்ஜியத் தொகையிலோ ஒரு சென்ட் தொகையிலோ காட்டச் சொல்வார்கள்; அதை அந்தந்தக் காப்பீட்டாளரின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருந்தை யார் வாங்கினார்கள் என்பது மருத்துவரின் குறிப்பில் பெரும்பாலும் இருக்காது. செவிலியரின் ஊசிப் பதிவிலோ மருந்து இருப்புப் பதிவிலோதான் இருக்கும். அங்கேயும் இல்லையென்றால் கிளையண்டிடம் (நாம் பில் செய்து தரும் மருத்துவமனையிடம்) கேள்வி அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். ஊகித்து எழுதாதீர்கள்.

மெடிகேர் (முதியோருக்கும் ஊனமுற்றோருக்குமான அமெரிக்க அரசுக் காப்பீடு) நோயாளியாக இருந்தால், மருத்துவமனை வாங்கிப் போட்ட ஊசி, மருத்துவர் சேவைகளுக்கான பார்ட் பி பிரிவில் வரும். பார்மசி வழியாக வந்தது பெரும்பாலும் பார்மசி மருந்துகளுக்கான பார்ட் டி பிரிவில் வரும். பார்ட் பி பிரிவில் மருந்துக்கான தொகை, உற்பத்தியாளரின் சராசரி விற்பனை விலையோடு 6 சதவீதம் கூட்டிக் கணக்கிடப்படுகிறது. அந்தத் தொகையில் 80 சதவீதத்தை மெடிகேரும் மீதி 20 சதவீதத்தை நோயாளியோ அவருடைய இரண்டாவது காப்பீடோ தர வேண்டும். இந்த நோயாளிகளில் பலருக்கு மெடிகேரோடு, வருமானம் குறைந்தோருக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டும் இருக்கும் என்பதால், இரண்டாவது காப்பீட்டின் விவரம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாம் படி: முன் அனுமதியும் நோய்க் குறியீடும்

பெரும்பாலான தனியார் காப்பீடுகளும் பல மாநிலங்களின் மெடிகெய்டும் இந்த ஊசிகளுக்கு முன் அனுமதி கேட்கின்றன. அனுமதி எண், க்ளெய்ம் அனுப்பும் சி.எம்.எஸ்-1500 படிவத்தின் 23ஆம் கட்டத்தில் வர வேண்டும். எண் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், அந்த அனுமதி எந்த மருந்துக்கு, எத்தனை யூனிட்டுக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும் தரப்பட்டது என்பதையும் படிக்க வேண்டும்.

நோய்க் குறியீட்டில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எல்லா ஊசிகளும் எல்லா மனநோய்களுக்கும் அங்கீகரிக்கப்பட்டவை அல்ல. பாலிபெரிடோன் மருந்தின் மாத ஊசியான இன்வேகா சஸ்டென்னா மனச்சிதைவு நோய்க்கும், மனச்சிதைவோடு மனநிலைக் கோளாறும் சேர்ந்த ஸ்கிசோஅஃபெக்டிவ் நோய்க்கும் அங்கீகாரம் பெற்றது. அதே பாலிபெரிடோன் மருந்தின் மூன்று மாத வடிவமான இன்வேகா ட்ரின்சாவும் ஆறு மாத வடிவமான இன்வேகா ஹாஃபியெராவும் மனச்சிதைவு நோய்க்கு மட்டுமே அங்கீகாரம் பெற்றவை. அரிஸ்டாடாவும் அப்படியே. அபிலிஃபை மெய்ன்டேனாவும் ரிஸ்பெர்டால் கான்ஸ்டாவும் மனச்சிதைவோடு பைபோலார் (இருமுனை மனநிலை) நோயின் ஒன்றாம் வகைக்கும் அங்கீகாரம் பெற்றவை. ஆகவே எஃப்25.0 என்ற ஸ்கிசோஅஃபெக்டிவ் குறியீட்டோடு அரிஸ்டாடாவுக்கான க்ளெய்ம் போனால், மருத்துவர் செய்தது சிகிச்சை முறைப்படி சரியாகவே இருந்தாலும், காப்பீட்டு நிறுவனத்தின் கணினி அதை மறுக்க வாய்ப்பு மிகுதி. அதற்காகக் குறியீட்டை எஃப்20.9 (மனச்சிதைவு) என்று மாற்றி எழுதிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். மருத்துவர் எழுதாத நோயை நாம் எழுதினால் அது மோசடி. மருத்துவரிடம் கேட்டு, அவருடைய பதிவு என்ன சொல்கிறதோ அதை மட்டுமே எழுத வேண்டும்.

மூன்றாம் படி: மருந்தின் குறியீடும் யூனிட்டும்

இந்த மருந்துகளுக்கான குறியீடுகள் எச்.சி.பி.சி.எஸ். என்ற அமெரிக்க பில்லிங் குறியீட்டுப் பட்டியலில் ஜே என்ற எழுத்தில் தொடங்கும். குறியீட்டின் விளக்கத்தில் கடைசியாக ஒரு சிறிய அளவு எழுதியிருக்கும்; ஒரு யூனிட் என்பது அந்த அளவுதான். தவறுகளில் பெரும்பகுதி இந்தக் கடைசிச் சொல்லைப் படிக்காமல் விடுவதால் வருபவை.

சஸ்டென்னாவின் ஜே2426 குறியீட்டில் ஒரு யூனிட் 1 மில்லிகிராம். ஆகவே 156 மில்லிகிராம் ஊசிக்கு 156 யூனிட்; இதில் குழப்பம் இல்லை. ரிஸ்பெர்டால் கான்ஸ்டாவின் ஜே2794 குறியீட்டில் ஒரு யூனிட் 0.5 மில்லிகிராம். அதனால் 25 மில்லிகிராம் ஊசிக்கு 50 யூனிட், 37.5 மில்லிகிராமுக்கு 75 யூனிட். இங்கே 25 என்றே எழுதிவிட்டால் க்ளெய்ம் மறுக்கப்படாது, பணமும் வரும். பாதிப் பணம் வரும். மறுக்கப்பட்ட க்ளெய்மையாவது யாராவது எடுத்துப் பார்ப்பார்கள், பாதி வந்த பணத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பதால் இந்தத் தவறு மாதக்கணக்கில் தொடரும். அதே ரிஸ்பெரிடோன் மருந்தின் வேறு வடிவமான உஸெடிக்குக் குறியீடு ஜே2799. அதில் ஒரு யூனிட் 1 மில்லிகிராம். மூலப்பொருள் ஒன்றாக இருப்பதால் யூனிட்டும் ஒன்றாக இருக்கும் என்று எண்ண முடியாது.

பழைய மருந்துகளில் நிலைமை தலைகீழ். ஹாலோபெரிடால் டெக்கனோயேட்டின் ஜே1631 குறியீட்டில் ஒரு யூனிட் 50 மில்லிகிராம். நோயாளிக்கு 100 மில்லிகிராம் போட்டால் 2 யூனிட். பழக்கத்தில் 100 என்று தட்டிவிட்டால் ஒரே நாளில் 5,000 மில்லிகிராம் போட்டதாகப் பொருள். ஃப்ளூஃபெனசின் டெக்கனோயேட்டின் ஜே2680 குறியீடு '25 மில்லிகிராம் வரை' என்று சொல்கிறது, ஆகவே 12.5 மில்லிகிராம் போட்டாலும் 1 யூனிட்தான், அரை யூனிட் என்று ஒன்று கிடையாது. இந்த இரண்டும் விலை குறைந்த மருந்துகள் என்பதற்காக அலட்சியம் வேண்டாம். தணிக்கையில் பார்ப்பது விலையை மட்டும் அல்ல.

மற்ற முக்கியமான குறியீடுகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அபிலிஃபை மெய்ன்டேனா ஜே0401, இரண்டு மாத வடிவமான அபிலிஃபை அசிம்டுஃபை ஜே0402, அரிஸ்டாடா ஜே1944, அதன் தொடக்க ஊசியான அரிஸ்டாடா இனிஷியோ ஜே1943, சைப்ரெக்ஸா ரெல்ப்ரெவ் ஜே2358. இவை எல்லாவற்றிலும் ஒரு யூனிட் 1 மில்லிகிராம்.

குறியீடுகள் ஒவ்வொரு காலாண்டிலும் மாறக்கூடியவை என்பதால், மூத்தவர்கள் கொடுக்கும் பழைய எக்செல் பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு காலத்தில் ட்ரின்சாவும் ஜே2426 குறியீட்டில்தான் பில் செய்யப்பட்டது. 2023 ஜூலை 1 முதல் ட்ரின்சாவுக்கும் ஹாஃபியெராவுக்கும் ஜே2427 என்ற தனிக் குறியீடு வந்தது. ஊசி போட்ட தேதியில் எந்தக் குறியீடு நடப்பில் இருந்தது என்பதே கணக்கு. க்ளெய்ம் அனுப்பும் தேதி அல்ல.

இன்னொரு நடைமுறைச் சிக்கல் காகிதப் படிவத்தில் இருக்கிறது. சி.எம்.எஸ்-1500 படிவத்தில் யூனிட் எழுதும் 24ஜி கட்டத்தில் மூன்று இலக்கங்களுக்குத்தான் இடம். ஹாஃபியெரா 1,092 அல்லது 1,560 மில்லிகிராம் அளவில் வருகிறது. அரிஸ்டாடாவின் பெரிய அளவு 1,064 மில்லிகிராம். இப்படிப்பட்ட ஊசிகளை இரண்டு வரிகளாகப் பிரித்து எழுத வேண்டியிருக்கும். இரண்டாவது வரியை 'நகல்' என்று தள்ளிவிடாமல் இருக்க எந்த மாடிஃபையர் (குறியீட்டோடு சேர்க்கும் இரண்டு எழுத்து அல்லது எண் அடையாளம்) வேண்டும் என்பதைக் காப்பீட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மீதி மருந்து என்ன ஆனது?

ஒரே ஒரு முறை பயன்படுத்தும் குப்பியில் அல்லது சிரிஞ்சில் வரும் மருந்துகளுக்கு, மெடிகேர் பார்ட் பி க்ளெய்மில் ஜே.டபிள்யூ. அல்லது ஜே.இசட். என்ற இரண்டு மாடிஃபையர்களில் ஒன்று இருந்தே ஆக வேண்டும். மருந்தில் மீதியைக் கொட்டியிருந்தால் கொட்டிய யூனிட்டுகளைத் தனி வரியில் ஜே.டபிள்யூ. போட்டுக் காட்ட வேண்டும். எதையும் கொட்டவில்லை என்றால் மருந்தின் வரியிலேயே ஜே.இசட். வர வேண்டும். ஜே.இசட். 2023 ஜூலை 1 முதல் கட்டாயமானது. அந்த ஆண்டு அக்டோபர் முதல் அது இல்லாத க்ளெய்ம்கள் திருப்பி அனுப்பப்படுகின்றன.

டிப்போ ஊசிகளில் பெரும்பாலானவை முழுச் சிரிஞ்சும் போடப்படுபவை என்பதால் ஜே.இசட். மாடிஃபையர்தான் அடிக்கடி வரும். விதிவிலக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு மெய்ன்டேனா. நோயாளி உட்கொள்ளும் வேறு மருந்துகள் காரணமாக மருத்துவர் அளவை 200 மில்லிகிராமாகக் குறைத்தால், செவிலியர் 300 மில்லிகிராம் குப்பியைத் திறந்து 200 மட்டும் போட்டு மீதியைக் கொட்டுவார். அப்போது ஜே0401 முதல் வரியில் 200 யூனிட், ஜே0401 ஜே.டபிள்யூ. இரண்டாம் வரியில் 100 யூனிட். கொட்டிய அளவை செவிலியர் பதிவேட்டில் எழுதியிருந்தால் மட்டுமே இந்த இரண்டாம் வரியை எழுதலாம்.

பலமுறை பயன்படுத்தும் குப்பிகளுக்கு இந்த இரண்டு மாடிஃபையர்களும் பொருந்தா. ஹாலோபெரிடால் டெக்கனோயேட் இரண்டு விதமான குப்பிகளிலும் வருவதால், எது பயன்படுத்தப்பட்டது என்பதை என்.டி.சி. எண்ணைக் கொண்டுதான் அறிய முடியும். யூனிட்டைவிடக் குறைந்த அளவு போட்டு, முழு யூனிட்டாக மேல்நோக்கி எழுதியிருந்தால், இடைப்பட்ட அளவுக்கு ஜே.டபிள்யூ. கேட்க முடியாது, அதற்கான பணம் ஏற்கெனவே அந்த யூனிட்டுக்குள் வந்துவிடுகிறது.

ஐந்தாம் படி: என்.டி.சி.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் என்.டி.சி. எண் 10 இலக்கம். க்ளெய்மில் எழுத வேண்டியது 5-4-2 என்ற அமைப்பில் 11 இலக்கம். எந்தப் பகுதியில் இலக்கம் குறைகிறதோ அந்தப் பகுதியின் தொடக்கத்தில் ஒரு சுழியைச் சேர்க்க வேண்டும். 1234-5678-90 என்று இருந்தால் 01234-5678-90 ஆகும். 12345-678-90 என்று இருந்தால் 12345-0678-90 ஆகும். 12345-6789-1 என்று இருந்தால் 12345-6789-01 ஆகும். சுழியை எப்போதும் முன்னால் மட்டும் சேர்ப்பது புதியவர்களின் வாடிக்கையான பிழை. படிவத்தில் எழுதும்போது கோடுகள் இல்லாமல், என்4 என்ற அடையாளத்துக்குப் பிறகு 24ஆம் கட்டத்தின் நிழலிட்ட பகுதியில் எழுத வேண்டும்.

அதற்குப் பின்னால் மருந்தின் அளவு வர வேண்டும். இந்த அளவு ஜே குறியீட்டின் யூனிட் அல்ல. திரவமாக வரும் மருந்துக்கு எம்.எல்., பொடியாக வந்து கலக்கிப் போடும் மருந்துக்கு யு.என். (எண்ணிக்கை) என்று எழுத வேண்டும். சஸ்டென்னா 156 மில்லிகிராம் சிரிஞ்சின் கன அளவு 1 மில்லிலிட்டர், 234 மில்லிகிராமின் கன அளவு 1.5 மில்லிலிட்டர். ஆகவே 234 மில்லிகிராம் ஊசிக்கு 24ஜி கட்டத்தில் 234, நிழலிட்ட பகுதியில் எம்.எல். 1.5 என்று வரும். நிழலிட்ட பகுதியிலும் 234 என்று எழுதினால் 234 மில்லிலிட்டர் மருந்து, அதாவது ஒரு டம்ளர் மருந்து, ஊசியில் போனதாகக் கணினி புரிந்துகொள்ளும். உற்பத்தியாளர்களிடம் தள்ளுபடி வசூலிப்பதற்கு மாநில மெடிகெய்டு அலுவலகங்கள் இந்த எண்ணையே நம்பியிருப்பதால், மெடிகெய்டு க்ளெய்மில் என்.டி.சி. தவறினால் பணம் வராது.

ஆறாம் படி: ஊசி போட்டதற்கான குறியீடு

தசையிலோ தோலுக்கு அடியிலோ மருந்தைச் செலுத்தியதற்கான சி.பி.டி. (மருத்துவச் சேவைகளுக்கான குறியீட்டுப் பட்டியல்) குறியீடு 96372. மருத்துவரின் நேரடி மேற்பார்வையில் செவிலியர் போட்டிருந்தால் இதை எழுதலாம். அந்த மேற்பார்வை இல்லாமல் போட்டிருந்தால் 96372 எழுதக் கூடாது, 99211 (செவிலியர் அளவிலான சிறு சந்திப்பு) எழுதச் சொல்கிறது சி.பி.டி. புத்தகம். இந்த இரண்டையும் ஒரே நாளில் சேர்த்து எழுத முடியாது.

ஊசி நாளன்று மருத்துவரும் நோயாளியைத் தனியாகப் பார்த்து, நிலைமையை மதிப்பிட்டு, மருந்து பற்றி முடிவெடுத்திருந்தால், 99213 அல்லது 99214 போன்ற மருத்துவர் சந்திப்புக் குறியீட்டை, அந்தச் சந்திப்பு தனியானது என்று காட்டும் 25 மாடிஃபையரோடு சேர்த்து எழுதலாம். ஊசி போட வந்தவரிடம் நலம் விசாரித்ததெல்லாம் தனிச் சந்திப்பு ஆகாது. மாதந்தோறும் ஒரே வாசகத்தை ஒட்டிவைத்த குறிப்புகளைக் கண்டால், 25 எழுதுவதற்கு முன் மேலாளரிடம் காட்டிவிடுங்கள்.

அரிஸ்டாடாவைத் தொடங்கும் நாளில் இனிஷியோ 675 மில்லிகிராம் ஊசியும் அரிஸ்டாடா ஊசியும் சேர்த்தே போடப்படுவது உண்டு. அப்போது இரண்டு மருந்து வரிகளும் இரண்டு 96372 வரிகளும் வரும். இரண்டாவது 96372 வரியில் 59 (தனிச் சேவை) வேண்டுமா 76 (மறுமுறை செய்த அதே சேவை) வேண்டுமா என்பது காப்பீட்டாளரைப் பொறுத்தது.

ஒரு க்ளெய்மை முழுதாகப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். மனச்சிதைவு நோய், குறியீடு எஃப்20.9. மெடிகேர் பார்ட் பி. மருந்து மருத்துவமனை வாங்கியது. மார்ச் 3 அன்று மருத்துவர் அவரைப் பார்த்து, மாத்திரையைச் சரியாக உட்கொள்ளாததால் ஊசிக்கு மாற்றுவது என்று முடிவெடுத்து, சஸ்டென்னா 234 மில்லிகிராம் முதல் ஊசியை அன்றே போடச் சொல்கிறார். 21ஆம் கட்டத்தில் நோய்க் குறியீடு ஒன்று. முதல் வரியில் 99214, மாடிஃபையர் 25. இரண்டாம் வரியில் 96372, ஒரு யூனிட். மூன்றாம் வரியில் ஜே2426, மாடிஃபையர் ஜே.இசட்., 234 யூனிட், அதன் நிழலிட்ட பகுதியில் என்4, 11 இலக்க எண், எம்.எல். 1.5. சிகிச்சை இடத்தின் குறியீடு, தனி மருத்துவரின் அலுவலகம் என்றால் 11, சமூக மனநல மையம் என்றால் 53.

சஸ்டென்னாவின் தொடக்க முறைப்படி ஒரு வாரம் கழித்து இரண்டாவது ஊசி வர வேண்டும். ஆகவே மார்ச் 10 அன்று 156 மில்லிகிராம் போடப்படுகிறது. அன்று மருத்துவர் பார்க்கவில்லை. செவிலியர் மேற்பார்வையில் போட்டிருக்கிறார். எனவே 96372 ஒரு வரி, ஜே2426 ஜே.இசட். 156 யூனிட் ஒரு வரி, எம்.எல். 1. அடுத்த ஊசி, முதல் ஊசியிலிருந்து ஐந்து வாரம் கழித்து, ஏப்ரல் 7 அன்று வரும். அதற்குப் பிறகு மாதம் ஒன்று.

மறுப்பு வந்தால்

மறுப்போடு வரும் காரணக் குறியீடுகளில், முன் அனுமதி இல்லை என்பது 197. நோய்க் குறியீடு பொருந்தவில்லை என்பது 11. வேறு சேவைக்குள் அடங்கியது என்பது 97. தகவல் குறைவு என்பது 16. டிப்போ ஊசிகளில் 16 வந்தால் பெரும்பாலும் என்.டி.சி. அல்லது ஜே.இசட். விடுபட்டிருக்கும், திருத்தி அனுப்பினால் போதும். தனியார் காப்பீட்டுக்கும் மெடிகெய்டுக்கும் 22ஆம் கட்டத்தில் 7 (முந்தைய க்ளெய்முக்கு மாற்று) என்று எழுதித் திருத்திய க்ளெய்மை அனுப்பலாம். மெடிகேர் பார்ட் பி அந்த 7ஐ ஏற்பதில்லை. சிறு எழுத்துப் பிழைகளுக்கு அங்கே ரீஓப்பனிங் (க்ளெய்மை மீண்டும் திறந்து திருத்துதல்) கேட்க வேண்டும், மற்றவற்றுக்கு முடிவு கைக்குக் கிடைத்த 120 நாட்களுக்குள் முதல் கட்ட மேல்முறையீடு செய்ய வேண்டும். முதல் க்ளெய்மை அனுப்ப மெடிகேர் தரும் காலம் சிகிச்சை நாளிலிருந்து ஓராண்டு.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் படுத்தியது, மேலே சொன்ன மார்ச் 10ஆம் தேதி ஊசியைப் போன்ற இரண்டாவது ஊசிதான். ஒரு காப்பீட்டாளர் '30 நாளுக்கு ஒரு ஊசி' என்று கணினியில் வைத்திருந்ததால், எங்கள் கிளையண்டின் புதிய நோயாளிகள் அத்தனை பேருக்கும் இரண்டாவது ஊசி வரிசையாக மறுக்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்திருந்த நான், நகல் க்ளெய்ம் என்றெண்ணி ஒவ்வொன்றையும் கணக்கிலிருந்து நீக்கப் பரிந்துரைத்துக் குறிப்பு எழுதிவைத்தேன். இரண்டாவது வாரத்தில் என் மேலாளர் அந்தக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, மருந்தின் லேபிளை (உற்பத்தியாளரின் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டுக் குறிப்பை) அச்செடுத்து என் மேசையில் வைத்தார். தொடக்கத்தில் ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள் என்பது அதில் தெளிவாக இருந்தது. லேபிளின் அந்தப் பக்கத்தையும் செவிலியரின் ஊசிப் பதிவையும் இணைத்து மேல்முறையீடு செய்தோம், பணம் வந்தது. அதற்குப் பிறகு புதிய நோயாளி என்றால், முன் அனுமதி கேட்கும்போதே முதல் மாதத்துக்கு இரண்டு ஊசிகள், மொத்தம் 390 யூனிட் என்று எழுதி வாங்கிவிடச் சொல்லிக் கிளையண்டுக்கு முதல் நாளே தெரிவித்துவிடுகிறோம்.